வழிகாட்டி நிகோரா மீது பதினோரு குற்றச்சாட்டுகள்

வாபஸ் வாங்கமாட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காபி குடியுங்கள். உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள், இர்ஃபானா? சுற்றுலாக் கம்பெனியின் கோவைக் கிளை மேனேஜர். சந்தோஷம். இர்ஃபான் தம்பி, இந்த வெள்ளியங்கிரி முப்பத்திரண்டு வருஷம் மில் தொழிலாளி. அதில் இருபத்திரண்டு வருஷம் சங்கச் செயலாளர். ஒரு தடவையாவது கொடுத்த மனுவை நான் வாபஸ் வாங்கினேன் என்று சிங்காநல்லூரிலிருந்து ஒண்டிப்புதூர் வரைக்கும் யாரையாவது சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறீர்கள். ஒரு வரியில் முடிகிற விஷயமாக இருந்தால் நான் எதற்கு நாலு பக்கம் எழுதினேன்? பதினோரு குற்றச்சாட்டு. எண் போட்டு, தேதி போட்டு, இடம் போட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் எங்களைப் பதினெட்டுப் பேராகப் பிளேனில் ஏற்றிவிட்டீர்கள், தாஷ்கண்டில் இறங்கியதும் அந்த நிகோரா கையில் ஒப்படைத்தீர்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. ஐந்து நாள் அனுபவித்தவன் நான்.

நான் எதற்குப் போனேன் என்று தெரியுமா? மற்ற பதினேழு பேரும் பனி பார்க்கவும் உலர்ந்த பழம் வாங்கவும் வந்தவர்கள். உங்கள் நோட்டீஸில் மூன்றாம் நாளுக்கு நேராக, 'சோவியத் காலக் கட்டடங்கள், நினைவுச் சின்னங்கள்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் பெங்களூரில் இருக்கிற மகளிடம் சொல்லி டிக்கெட் போட்டேன். தாஷ்கண்டைப் பற்றி முப்பது வருஷம் மில் வாசலில் பேசியிருக்கிறேன், தம்பி. அறுபத்தாறில் நிலநடுக்கம் வந்து ஊர் விழுந்ததும், பதினைந்து குடியரசுகளிலிருந்து தொழிலாளிகள் ரயிலேறி வந்து அதைத் திரும்பக் கட்டியதும் எனக்கு மனப்பாடம். ஷிப்ட் விட்டு வருகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்வேன். 'அங்க தொழிலாளிக்கு வீடு குடுக்கறான், இங்க நமக்குக் கக்கூஸுக்குக் கதவு குடுக்க மாட்டேங்கறான்' என்பேன். ஒவ்வொரு தடவையும் கைதட்டு விழும். நீ போய்ப் பார்த்தாயா என்று ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்டால்தான் என்ன? சொர்க்கத்தைப் பற்றிப் பேசுகிறவன் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டா பேசுகிறான்?

அப்படிப்பட்ட ஊரில், பேருந்தில் ஏறின முதல் கால் மணி நேரத்திலேயே அவமானம். ஒவ்வொருத்தரும் எழுந்து பெயர் சொல்லச் சொன்னாள். 'ஐயாம் காம்ரேட் வெள்ளியங்கிரி' என்றேன். எனக்கு லேபர் கோர்ட்டில் கற்ற இங்கிலீஷ் உண்டு, அவளுக்கு ஓட்டலில் கற்ற இங்கிலீஷ், இரண்டும் ஒத்துப்போகும். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'இந்த வார்த்தையை இந்த ஊரில் கேட்டு முப்பது வருஷம் ஆகிவிட்டது' என்றாள். பேருந்தே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'காம்ரேட் வெல்லி'. படி ஏறினால், 'காம்ரேட் வெல்லி, பார்த்து.' வெயிலில் நின்றால், 'காம்ரேட் வெல்லி, தண்ணீர் குடித்தீர்களா?' பேருந்து கிளம்பும் முன்னால், 'காம்ரேட் வெல்லி ஏறிவிட்டாரா?' பதினெட்டுப் பேரில் வேறு யாரையாவது இப்படிப் பின்னாலேயே விரட்டினாளா? இல்லை. அது இரண்டாவது குற்றச்சாட்டு.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, சின்னப் பெண் இல்லை. தெரிந்தே செய்கிறவள்.

பாதாள ரயில் நிலையத்துக்கு வாருங்கள். அந்த ஊரில் பாதாள ரயில் நிலையம் அரண்மனை மாதிரி இருக்கிறது. ஒரு நிலையத்தில் சுவர் முழுக்கப் பஞ்சு. ஓட்டுத் துண்டுகளைப் பதித்துப் பதித்து, நீலமும் வெள்ளையுமாக வெடித்த பருத்திக் காய்கள். தம்பி, நூல் மில்காரனுக்குப் பஞ்சு என்றால் தூசி, இருமல், நாற்பது வயதில் இழுப்பு. மூச்சு முட்டாத பஞ்சை என் வாழ்நாளில் அங்கேதான் பார்த்தேன். சுவரில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். பஞ்சுக்கு ஒரு ரயில் நிலையம்! நம் ஊரில் வைப்பானா?

அந்த நேரம் பார்த்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மைக் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, 'அழகாக இருக்கிறது, இல்லையா? எனக்கு இதைப் பார்த்தால் விரல் வலிக்கும்' என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரும் வகுப்பை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை லாரியில் ஏற்றிப் பருத்திக் காட்டுக்குக் கொண்டுபோவார்களாம். இரண்டு மாதம். ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்காம். பத்து வயதில் போனாளாம்.

நான் விடவில்லை. 'அது கட்டாய வேலை அல்ல, அம்மணி. அதுக்குப் பேரு சிரமதானம்' என்று விளக்கினேன். இருபது நிமிஷம் விளக்கினேன். இரண்டு ரயில் போய்விட்டது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள்.

என் வீட்டுக்காரி, இந்த மரகதம், சும்மா இருக்கக் கூடாதா? 'ஏனுங்க, நம்ம மில்லுல பன்னெண்டு வயசுப் புள்ளைகள வேலைக்கு வெச்சாங்கன்னு நீங்க எட்டு நாள் உண்ணாவிரதம் கெடந்தீங்கல்ல, அது என்னங்க?' என்றாள். அத்தனை பேர் முன்னாலும்.

'அது வேற, இது வேற' என்றேன்.

'பஞ்சு ஒண்ணுதானுங்களே' என்கிறாள்.

என் மனைவிக்கு அரசியல் எப்போதும் குழப்பம்தான். அதை விடுங்கள். வரலாற்றைத் திரித்தல், நாலாவது குற்றச்சாட்டு.

இப்போது வீடு. மூன்றாம் நாள் மத்தியானம், நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளுக்குப் போனோம். வரிசை வரிசையாக நாலு மாடி. பக்கவாட்டுச் சுவரில் பூ வேலை, நட்சத்திரம். நான் முப்பது வருஷம் பேசிய வீடுகள் அவைதான். பேருந்திலிருந்தே பார்ப்பது என்றுதான் உங்கள் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அவள் பேருந்தை நிறுத்தினாள். 'என் அப்பா இங்கேதான் இருக்கிறார். காம்ரேட் வெல்லி உள்ளே பார்க்க ஆசைப்படுவார். வேண்டுமென்கிறவர்கள் வரலாம்' என்றாள். சுற்றுலா நேரத்தைச் சொந்த வீட்டுக்குப் பயன்படுத்தியது, ஆறாவது குற்றச்சாட்டு.

ஆறு பேர் போனோம். அவள் அப்பா பெயர் ருஸ்தம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்தக் குடியிருப்புகளைக் கட்டியபோது கிரேன் ஓட்டியவராம், பத்தொன்பது வயதில். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லமாட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன். உட்காரச் சொன்னார். கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் டீ ஊற்றினார். ஊற்றியது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கால் கிண்ணம். அடியில் நாலு மடக்கு. பானை நிறைய டீ இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிறது, எனக்குக் கால் கிண்ணம்! நம் பக்கத்தில் யாருக்குத் தம்பி கால் கிளாஸ் கொடுப்பார்கள்? ஏன் வந்தாய் என்று கேட்க முடியாத ஆளுக்குக் கொடுப்பார்கள். நான் தொடவே இல்லை.

ஆமாம், தெரியும், தெரியும். நீங்களும் ஆரம்பிக்காதீர்கள். மரியாதைப்பட்டவருக்கு அங்கே கொஞ்சம்தான் ஊற்றுவார்களாம். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருக்கலாம், ஆள் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார் என்று. முழுக் கிண்ணம் ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம். ஓட்டலுக்கு வந்த பிறகு மரகதம் சொன்னாள். இவள் ஏழு கிண்ணம் குடித்திருக்கிறாள்.

'அத அப்பவே சொல்றதுக்கென்ன? வழிகாட்டி எதுக்கு இருக்கறா?' என்றேன்.

'சொன்னாங்க. நீங்கதான் அவிய அப்பாரோட சண்டைக்கு நின்னுட்டு இருந்தீங்க' என்கிறாள்.

நான் சண்டை போடவில்லை. கேள்வி கேட்டேன். வீடு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை நிகோரா மொழிபெயர்த்தாள். வீடு கொடுத்தது உண்மை, நல்ல வீடு, இன்றும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் இரண்டு அறையில் எட்டுப் பேர் இருந்தோம். மாசக் கடைசிக்குள் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று உத்தரவு வரும், கடைசி வாரத்தில் கான்கிரீட் சுவரை ஈரம் காயாமலே தூக்கி வைப்போம், அதனால்தான் பார், அந்தக் கதவு ஐம்பது வருஷமாகச் சாத்துவதில்லை. இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், தம்பி! எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திக் காட்டுகிறார், அது திறந்துகொள்கிறது, மறுபடி சிரிக்கிறார். தன் கையால் கட்டிய வீட்டைப் பார்த்து எவனாவது சிரிப்பானா? கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். மரகதம் போய்த் தானும் ஒரு தடவை சாத்திப் பார்த்தாள்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'சங்கம் இருந்துதுங்களா?'

இருந்தது என்றார். 'தலைவர் நல்ல மனிதர். எங்கள் மேனேஜரும் அவரும் ஒரே காரில் வருவார்கள்' என்றார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவள் சரியாக மொழிபெயர்க்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்பதாவது குற்றச்சாட்டு.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். அதே நாள் சாயங்காலம் நிலநடுக்க நினைவுச் சின்னம். கறுப்புக் கல், பிளந்து கிடக்கிறது, நிலம் அதிர்ந்த நேரம் அதில் பொறித்திருக்கிறது. அந்தப் பிளவு தரையில் ஓடிவந்து ஒரு சிலையின் காலடியில் முடிகிறது. ஆண், பெண், குழந்தை. நான் என் பையிலிருந்து சங்கக் கொடியை எடுத்தேன். ஆமாம், கோவையிலிருந்து கொண்டுபோனேன். மில் மூடி இருபது வருஷம் ஆகிவிட்டது, சங்கத்தில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் ஒன்பது பேர், அவர்களுக்காக அங்கே ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று கொண்டுபோனேன். கொடியை விரித்துப் பிடித்து, கையை உயர்த்தி, கோஷம் போட்டேன். தமிழில்தான். நல்ல குரலில் போட்டேன். குருவிகள் பறந்தன.

இரண்டாவது கோஷத்துக்கு ஒரு போலீஸ்காரன் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தான். நான் நிறுத்தவில்லை. போலீஸ் விசிலுக்கு நிறுத்துகிறவனா நான்? அப்போது அவள் வந்தாள். என் கையிலிருந்து கொடியைப் பிடுங்கினாள். பிடுங்கினாள், தம்பி! நாலாக மடித்துத் தன் தோள் பைக்குள் திணித்துக்கொண்டாள். மில் கேட்டில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நின்றவன்கூட அந்தக் கொடியைத் தொட்டதில்லை. போலீஸ்காரனிடம் என்னவோ சொன்னாள், என்னைக் கைகாட்டிக் காட்டிச் சொன்னாள். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நெஞ்சில் கையை வைத்து லேசாகத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போய்விட்டான். என்ன சொன்னாளோ. கிழவனுக்குக் கிறுக்கு, விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள். ஓட்டலில் இறங்கும்போது கொடியைத் திருப்பிக் கொடுத்தாள், ஒரு கவரில் போட்டு. 'காம்ரேட் வெல்லி, இதை இங்கே மறுபடி எடுக்காதீர்கள், ப்ளீஸ்' என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாளும் அவளோடு பேசவில்லை. பதினொன்றாவது குற்றச்சாட்டு: கொடியை அவமதித்தல்.

திரும்பி வரும் பிளேனிலேயே எழுதி முடித்துவிட்டேன். நெட் சென்டர் பெண்ணிடம் கொடுத்தேன், அவள் தட்டச்சு செய்து, இங்கிலீஷிலும் ரஷ்யனிலும் மாற்றி ஈ-மெயிலில் அனுப்பினாள். கீழே நகல் ஆறு பேருக்கு. அதுதான் உங்களுக்குக் கோபம், இல்லையா? எங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாமே, அந்த ஊர் சுற்றுலா அலுவலகத்துக்கு எதற்கு அனுப்பினீர்கள் என்கிறீர்கள். தம்பி, மனு என்றால் கீழே நகல் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் பாசி என்று மில் மேனேஜருக்கு மனு எழுதினாலும் நகல் ஜனாதிபதிக்குப் போடுவோம். நகல் என்பது மனுவுக்கு மீசை மாதிரி. பார்வைக்குத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் நகல் போட்ட யாரும் அதைப் படித்ததாக ஒரு தபால் அட்டைகூட வந்ததில்லை. அந்த ஊரில் ஒருத்தன் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் படிப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என்ன சொன்னீர்கள்?

உரிமத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்களா? யார், அவளுடையதையா? எத்தனை நாளாக? மூன்று வாரமா? விசாரணை நடந்ததா? நடக்கவில்லையா? பின்னே எப்படிப் பிடித்து வைப்பார்கள்? ஒருத்தன் புகார் எழுதினால் போதுமா, அவள் பக்கம் என்ன என்று கேட்க வேண்டாமா? அங்கே சங்கம் இருக்கிறதா? இல்லை, வேண்டாம், அதைச் சொல்லாதீர்கள்.

விளக்கம் கேட்டிருக்கிறார்களா? எழுதிவிட்டாளா? கையில் வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் காபி குடித்தீர்கள்? கொடுங்கள் இப்படி. இங்கிலீஷா, பரவாயில்லை. மரகதம், அந்தக் கண்ணாடிய எடு.

அடக் கடவுளே.

எடுத்த எடுப்பில் மன்னிப்பு! முதல் வரியிலேயே, 'நான் வருந்துகிறேன்.' யார் இவளுக்கு இதை எழுதச் சொன்னது? மன்னிப்போடு ஆரம்பித்த ஒருத்தன் வேலைக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை. மன்னிப்பு என்றால் ஒப்புக்கொண்டாய் என்று அர்த்தம். இரண்டாவது பத்தி... 'அவர் வயதானவர், என் அப்பாவைப் போல இருந்தார், அதனால் அதிகம் கவனித்தேன், அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.' சொந்தக் கதை. இது எதற்கு? மூன்றாவது...

இருங்கள்.

'காவலரிடம் நான் பொய் சொன்னேன். இந்த முதியவர் அறுபத்தாறில் நம் நகரத்தைக் கட்ட வந்த தொழிலாளிகளில் ஒருவர், பழைய நினைவில் கொடியை எடுத்துவிட்டார், மன்னித்துவிடுங்கள் என்றேன். அது உண்மையல்ல. இதற்காகவும் வருந்துகிறேன்.'

அறுபத்தாறில் எனக்குப் பன்னிரண்டு வயது.

அதற்காகவா அவன் நெஞ்சில் கை வைத்தான்?

தண்ணி வேண்டாம், மரகதம். ஒண்ணுமில்ல. சித்தெ இரு.

தம்பி, இந்தப் பெண்ணுக்கு மூளை இருக்கிறதா? போலீஸிடம் பொய் சொன்னேன் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்களா? என் பதினொன்றும் சேர்ந்து அவளை ஒன்றும் செய்யாது, இந்த ஒரு பத்தி வீட்டுக்கு அனுப்பிவிடும். இது அங்கே போய்விட்டதா? இல்லையே? உங்களுக்குத்தான் முதலில் அனுப்பிக் கேட்டிருக்கிறாளா? நல்ல வேளை. கிழியுங்கள். இல்லை, என்னிடம் கொடுங்கள், நான் கிழிக்கிறேன். நாளைக்கு வரைக்கும்தான் கெடுவா? போதும். லேபர் கோர்ட்டில் அரை மணியில் எழுதியிருக்கிறேன்.

வாபஸ் இல்லை. எத்தனை தடவை சொல்வது? யோசியுங்கள். நான் வாபஸ் வாங்கினால் என்ன ஆகும்? குற்றம் நடந்தது, பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார் என்று ஃபைலில் நிற்கும். நாளைக்கு இன்னொருத்தன் புகார் கொடுத்தால் பழசையும் எடுத்து விரிப்பார்கள். புகாரை வாபஸ் வாங்கக் கூடாது, உடைக்க வேண்டும். நாலு பக்கம் இருக்கிறதே, நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் உடையும். எங்கே உடையும் என்று எழுதினவனுக்குத் தெரியாதா?

பேனா இருக்கிறதா? எழுதுங்கள். அவள் சொல்கிற மாதிரி தமிழில் எழுதுங்கள், மாற்றுவதை நெட் சென்டர் பெண் பார்த்துக்கொள்ளும்.

'குற்றச்சாட்டுகள் பதினொன்றையும் நான் முழுமையாக மறுக்கிறேன்.' அடிக்கோடு. மன்னிப்பு, வருத்தம், தயவு, எந்தச் சொல்லும் எங்கேயும் வரக்கூடாது. அடுத்து, 'பயணிகள் பதினெட்டுப் பேரில் புகார் கொடுத்தவர் ஒருவர் மட்டுமே.' மற்றவர்கள் உங்களுக்குக் கருத்துப் படிவம் எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா, என்ன எழுதினார்கள்? எல்லாரும் நன்றாகவா? மரகதமுமா? பதினேழையும் பின்னால் இணையுங்கள். சாட்சி வேண்டும். மரகதம்! விசாரணை வெச்சாச் சாட்சி சொல்ல வருவியா?

கேட்டீர்களா? 'வர்றேனுங்க, உங்களுக்கு எதிராத்தானே?' என்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி ஒன்று.

டீ. 'விருந்தினருக்குக் குறைவாக ஊற்றுவது எங்கள் வழக்கத்தில் மரியாதை. அது விளக்கப்பட்டது. புகார்தாரர் கவனிக்கவில்லை.' வீட்டுக்கு அழைத்துப்போனது. 'சோவியத் காலக் குடியிருப்பைக் காட்டுவது நிகழ்ச்சி நிரலில் உள்ளது. உள்ளே போகாமல் வீட்டைக் காட்ட முடியாது.' இது பலமான பாயிண்ட், பெரிய எழுத்தில் போடுங்கள். கொடி. 'பயணியின் பாதுகாப்பு வழிகாட்டியின் பொறுப்பு. கொடி பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.' அவ்வளவுதான். போலீஸ்காரனிடம் என்ன பேசினாள் என்பது தேவையில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லக் கூடாது. அது எங்கேயும் எழுத்தில் வர வேண்டாம். அது... அது இருக்கட்டும்.

கடைசியாகப் புகார்தாரரின் தகுதி. அங்கேதான் அடிக்க வேண்டும். எழுதுங்கள். 'புகார்தாரருக்கு உஸ்பெக் மொழியும் தெரியாது, ரஷ்ய மொழியும் தெரியாது. மொழிபெயர்ப்புத் தவறு என்று அவர் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் இந்த நகரத்தைப் பற்றி முப்பது வருஷம் பேசியவர். பார்த்தது ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் பேசிக்கொண்டே இருந்தபடியால், எதையும் சரியாகப் பார்க்கவில்லை.'

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? என் முகத்தை ஏன் பார்க்கிறீர்கள்? அந்த ஆள் மனசு நோகும் என்றா? அவனுக்கு என்ன, பென்ஷன் வருகிறது, சாப்பிட்டுவிட்டுக் கிடப்பான். அவளுக்கு வேலை போகிறது. எழுதுங்கள் தம்பி.